நூற்று நாற்பது பக்கங்களுக்கு ஒரு தாய்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று சொல்லாமல் விழுங்கியவை. ஒன்று: "சார், இதை ஒரே இடத்துல செஞ்சுடலாம்." இரண்டு: "ஆறு மாசம் முன்னாடியே சொன்னேனே." மூன்றாவதை இந்த நோட்டில்கூட எழுத வேண்டாம்.

காலைக் கூட்டத்தில் கண் மருத்துவமனையின் கடிதத்தை வாசித்தார்கள். அவர்களுடைய நோயாளிகள் நாங்கள் செய்துகொடுத்த இணையதளத்தில்தான் தங்கள் சிகிச்சைத் தேதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் 24/04 என்று எண்ணில் காட்டுகிறோம். பார்வை மங்கியவர்களுக்கு எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகிறதாம். மாதத்தைப் பெரிய எழுத்தில், பெயராகவே காட்டுங்கள் என்கிறார்கள். ஒரு கண் மருத்துவமனை இதைவிட நியாயமாக என்ன கேட்டுவிட முடியும்?

தேதி வரும் பக்கங்கள் மொத்தம் நூற்று நாற்பது. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. ஒவ்வொன்றின் தலையிலும் அதே பதினைந்து வரிகள். எங்கள் குழுத் தலைவர் அந்த நூற்று நாற்பதை மூன்று பேருக்குப் பங்கு போட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். பெயர் அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். கோபப்படுவதையும் நாளைக்குத் தள்ளிவிடுவாரோ என்னவோ.

"ஒவ்வொரு பக்கமாத் திறந்து மாத்துங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும். பரவால்ல."

என் பங்கு நாற்பத்தேழு. தலையை ஆட்டினேன். இந்தத் தலைக்கு ஆட்டத் தெரிந்த அளவுக்கு வாய்க்குப் பேசத் தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மூன்று பக்கம் முடிந்தது. நாற்பத்து நான்கு பாக்கி.

எரிச்சலாக இருக்கும்போது அதன் காரணத்தை, ஒன்றும் தெரியாத ஒருவருக்கு விளக்குவதுபோல எழுதிப் பார்த்தால் தணியும். எழுதிப் பார்க்கிறேன்.

டெம்ப்ளேட் என்பது இடம் விட்டு அச்சடித்த படிவம் மாதிரி. பெயருக்கு ஓர் இடம், தேதிக்கு ஓர் இடம். யாராவது தளத்தைத் திறக்கும் கணத்தில் அந்தப் படிவம் 'வகுப்பு' என்று நாங்கள் சொல்லும் ஒரு நிரல்துண்டாக மாறி, இடங்களை நிரப்பிக்கொண்டு, பக்கமாகப் போய் அவர் முன்னால் நிற்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தாய் உண்டு. தாய்க்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைக்குத் தெரியும். எங்கள் பக்கங்களின் தாய், நாங்கள் பயன்படுத்தும் கருவியோடு கூடவே வந்தவள். மருத்துவமனை, நோயாளி, கண் எதைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் பக்கங்களுக்கும் நடுவில் எங்களுடைய ஒருத்தியை நாங்களே எழுதி நுழைக்கலாம். தேதியை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்தால் நூற்று நாற்பது பக்கங்களும் கற்றுக்கொண்டுவிடும். செட்டிங்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரு வரி! அதை விட்டுவிட்டு மூன்று படித்த மனிதர்கள் மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாய்க்கு எங்கள் பாஷையில் 'பேஸ் கிளாஸ்' என்று பெயர். ஆறு மாதம் முன்பு இதைச் சொன்னபோது நாளைக்கு சிரித்தார். "பேஸ் கிளாஸா? பொதுவா ஒரு இடம்னு வச்சா ஆளாளுக்கு அங்க குப்பை கொட்டுவாங்கம்மா. பழைய ஆபீஸ்ல ஒண்ணு நாலாயிரம் வரிக்கு வளந்துச்சு. ஒரு நாள் விழுந்துச்சு. எல்லாப் பக்கமும் சேந்து விழுந்துச்சு. தனித்தனியா இருந்தா தனித்தனியாத்தான் விழும்."

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

தணியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மா வண்டியைக் கழுவினாள். பள்ளி வேன். பதினாறு வருடமாக அவளே ஓட்டுகிறாள், பதினெட்டுப் பிள்ளைகள். இடது பக்கக் கதவுக்கருகில் ஒரு கோடு கீறியிருந்தது.

"இது எப்பம்மா?"

"தெரியலைடி. எந்தக் குரங்கோ சைக்கிளை உரசியிருக்கும்."

பின்னால் வந்த நான் இடது பக்கமாகப் போய் நின்றதை அவள் கவனிக்கவில்லை. பேசியதும் தூக்கிவாரிப் போட்டதுபோலத் திரும்பினாள். "ஏண்டி பூனை மாதிரி வர்றே?" நான் பூனை மாதிரி வரவில்லை. செருப்புச் சத்தத்தோடுதான் வந்தேன்.

டாக்டரிடம் கண்ணைக் காட்டு என்று சொன்னேன். "முன்னாடி இருக்கறது எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. நம்பர் ப்ளேட் படிச்சுக் காட்டவா?" படித்துக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. எதிர் வரிசையில் நின்ற காரின் நம்பரையும் சேர்த்துப் படித்தாள், என் கண்ணுக்கே தெரியாதது அது.

பிப்ரவரி 11, புதன்

செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

என் பங்கு நாற்பத்தேழு பக்கங்களையும் ஒரு புதுத் தாயின் கீழே கொண்டுவந்தேன். அறுபது வரிதான். பெயர், மொழி, எழுத்தின் அளவு, தேதி. தேதி மட்டும் கொஞ்சம் படுத்தியது. மருத்துவமனையின் பழைய கணினியிலிருந்து அது வெறும் எழுத்தாகத்தான் வருகிறது, சில சமயம் சாய்கோட்டோடு, சில சமயம் புள்ளியோடு, சில சமயம் இடைவெளியோடு. நல்லவேளை, எந்த வடிவத்தில் வந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தயார் கருவி இருக்கிறது. எடுத்துப் போட்டேன். 24/04 என்று கொடுத்தால் 'ஏப்ரல் 24' என்று அழகாகச் சொல்கிறது.

ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பதினைந்து வரியை அழிக்கும்போது கிடைத்த சுகத்தை எழுத வார்த்தை இல்லை. எழுதுவதைவிட அழிப்பதில்தான் எனக்கு ருசி போலிருக்கிறது. சின்ன வயதில் கட்டுரைப் போட்டிகளில் தோற்றதற்கு இதுதான் காரணமா?

பிப்ரவரி 17, செவ்வாய்

பக்கத்து மேசைக்காரர் இன்று இருபதாவது பக்கத்தில் இருக்கிறார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "உனக்கு எத்தனை ஆச்சு?" என்றார்.

"போய்ட்டிருக்கு."

என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மிக அசிங்கமான பொய் இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 19, வியாழன்

மாட்டிக்கொண்டேன். காட்டிக்கொடுத்தது பூதக்கண்ணாடி அக்கா. எங்கள் சோதனையாளர், தளம் வெளியே போவதற்கு முன் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. "இவ பக்கமெல்லாம் எப்படி இவ்ளோ சின்னதா இருக்கு? டயட்டா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

நாளைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். 

"யாரைக் கேட்டுச் செஞ்சேம்மா?"

முதல்முறையாக வாய் திறந்தேன். திறந்ததும் மூட முடியவில்லை. "யாரைக் கேக்கணும் சார்? கேட்டா நாளைக்குன்னுவீங்க. நாளைக்குக் கேட்டா நாளைக்குன்னுவீங்க. நூத்தி நாப்பது தடவை ஒரே வரியை ஒட்டறதுக்கா படிச்சோம்? அடுத்த மாசம் அவங்க வாரத்தோட பேரும் வேணும்னா? மறுபடி நூத்தி நாப்பதா? அவரு மணிக்கட்டைப் பாருங்க!"

மணிக்கட்டுக்காரர் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

 கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் மட்டும் ஓடியது.

பிப்ரவரி 20, வெள்ளி

நம்ப முடியவில்லை. ஒத்துக்கொண்டார்.

"செய். நூத்தி நாப்பதும் அதுக்குக் கீழ வரட்டும். ஆனா ஒரு கண்டிஷன். வெளிய போறதுக்கு முன்னாடி அந்தத் தாயை நான் வரி வரியா உக்காந்து படிப்பேன். பக்கம் ஒவ்வொண்ணையும் பாக்க வேண்டாம், சரி. இவளைப் பாத்தாகணும். இவ தப்பு பண்ணினா நூத்தி நாப்பதும் தப்பு."

"சரி சார்."

மணிக்கட்டுக்காரர் என் பக்கம் வந்தார். மேசையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 6, வெள்ளி

நூற்று நாற்பதும் முடிந்தது. சார் படித்தாரா? நாளைக்கு.

மார்ச் 13, வெள்ளி

நாளைக்கு.

மார்ச் 18, புதன்

திங்களிலிருந்து சோதனை. பூதக்கண்ணாடி அக்கா இரக்கமே காட்டவில்லை. இல்லாத நோயாளி ஒருவரை உருவாக்கி அவருக்கு டிசம்பர் 31-இல் சிகிச்சை கொடுத்தார். ஜனவரி 1-இல் கொடுத்தார். பிப்ரவரி 29-இல் கொடுத்தார். நேற்று, இன்று, நாளை, எல்லாவற்றிலும் கொடுத்தார். பாவம் அந்த நோயாளி.

"ஓரத்துலதான்டி எல்லாம் உடையும். ஓரம் கெட்டியா இருந்தா நடுவுல கவலைப்படவே வேண்டாம்," என்றார். எல்லாம் தேறியது. பச்சைப் பச்சையாக வரிசை.

மார்ச் 20, வெள்ளி

ஆறாம் தேதியிலிருந்து இரண்டு வாரம். இரண்டு வாரமாக அந்த அறுபது வரியைப் படிக்க அவருக்கு நேரமில்லை. இன்று மதியம் போய்க் கேட்டேன். அவர் திரையில் ஏதோ கணக்குத்தாள் திறந்திருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் இரும்மா. திங்கக்கிழமை காலைல முதல் வேலை இதுதான். கண்டிப்பா."

கண்டிப்பா! அவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ. மருத்துவமனைக்கு இன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தோம். அங்கிருந்து இரண்டு முறை போன் வேறு. தளத்தை வெளியே விடும் பட்டனை அழுத்தும் உரிமை எனக்கும் உண்டு. நான்கு மணிக்கு அழுத்திவிட்டேன்.

நூற்று நாற்பது பக்கமும் ஒரே மூச்சில் மாறியதைப் பார்த்தேன். 'மார்ச் 25.' 'ஏப்ரல் 15.' பெரிய எழுத்தில், மாதத்தின் பெயரோடு. யாரோ ஒருவர் கண்ணைச் சுருக்காமல் இதைப் படிப்பார்.

அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை தானே தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 23, திங்கள்

காலை முதல் வேலையாக வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் காகிதமும் பேனாவும். நான், "சார், வெள்ளிக்கிழமையே போயிடுச்சு" என்றேன்.

என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். "சரி" என்று எழுந்து போய்விட்டார்.

திட்டியிருக்கலாம். இந்த 'சரி'யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 24, செவ்வாய்

அம்மாவை இழுத்துக்கொண்டு போகாத குறை. கடைசியில் அவளே போய் வந்தாள், நாங்கள் வேலை செய்து கொடுக்கும் அதே கண் மருத்துவமனைக்கு. கண்ணில் அழுத்தம் இருபத்தெட்டாம். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டுமாம். ஓரப் பார்வை இடது கண்ணில் கொஞ்சம் போயிருக்கிறது. போனது வராது; இருப்பதைக் காப்பாற்ற லேசர் வைக்க வேண்டும். புதன்கிழமைகளில் மட்டும் வைப்பார்கள். தேதியைத் தளத்தில் போடுவார்களாம்.

"உன் சைட்டுலதான் பாத்துக்கணுமாம். நர்ஸ்கிட்ட சொன்னேன், அதை என் பொண்ணுதான் பண்றான்னு. அப்படியாங்கறா. நம்பலை போல. உன் போட்டோவைக் காமிச்சேன்."

"அம்மா!"

"அப்பவும் நம்பலை."

மார்ச் 25, புதன்

வேலையில் இருந்தபோது அம்மா போன். ஒரு பக்கம் மணிக்கட்டுக்காரர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தேதி வந்துடுச்சுடி. ஆகஸ்ட் நாலு."

"ம்."

"ஆகஸ்ட்டுன்னா நாலு மாசம் ஆச்சே?"

"கூட்டமா இருக்கும்மா. லேசருக்கு வரிசை நிறைய. அப்புறம் பேசறேன்."

"சரி சரி, நல்லதாத்தான் போச்சு. பரீட்சை நேரத்துல வண்டியை நிறுத்தினா பிள்ளைங்க திண்டாடும்." அவள் குரலில் ஒரு துள்ளல்.

மார்ச் 26, வியாழன்

மருத்துவமனை வரவேற்பிலிருந்து ஒரு புகார். ஒரு நோயாளிக்கு ஏற்கெனவே கழிந்துபோன தேதியைக் காட்டுகிறதாம், ஜனவரி 4. இந்த வாரத்தில் பதினேழாவது புகார் இது. எழுத்து பெரிதாக இருக்கிறது, எழுத்து சிறிதாக இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் எழுதும் பதிலையே எழுதினேன்: போனில் பழைய பக்கம் தங்கியிருக்கும், மூடிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். புகாரை முடித்துவைத்தேன்.

நாள் முழுக்க எரிச்சல். காரணம் தெரியவில்லை. அந்த 'சரி'யாக இருக்கும்.

ஏப்ரல் 8, புதன்

எப்படி எழுதுவது. நடந்தபடி எழுது.

பத்தரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன். நாளைக்கு ஸ்பீக்கரில் போட்டார். வரவேற்புப் பெண்மணியின் குரல்: "சார், இன்னிக்கு லேசருக்குப் பதினோரு பேர். வந்தது ரெண்டே ரெண்டு பேர். போன் போட்டுக் கேட்டா, ஒவ்வொருத்தரும் ஆகஸ்ட்தானேங்கறாங்க. டாக்டர் மெஷினைப் போட்டுட்டு உக்காந்திருக்காரு."

அந்த இரண்டு பேரும் தளத்தைப் பார்க்காமல் போனில் கேட்டு எழுதிக்கொண்டவர்கள்.

ஆகஸ்ட் நாலு. எட்டு, நாலு. 08/04.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் என் தாயைத் திறந்தேன். எந்த வடிவத்தையும் புரிந்துகொள்ளும் அந்தத் தயார் கருவி... புரிந்துகொள்ளவில்லை, ஊகித்திருக்கிறது. முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொள்வது அதன் பழக்கம். முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும், இது மாதமாக இருக்க முடியாதே என்று இடம் மாற்றிக்கொள்ளும். அதனால் 24/04 எப்போதும் சரி. 31/12 சரி. 29/02 சரி. 01/01 எப்படித் திருப்பினாலும் சரி. நாங்கள் சோதித்தது மார்ச் பதினாறிலிருந்து பத்தொன்பது வரை, அதனால் நேற்று, இன்று, நாளை எல்லாம் சரி. ஒரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் மட்டும் வரும் தவறு. ஓரங்களை எல்லாம் தட்டிப் பார்த்தோம். சாதாரணமான ஒரு எட்டாம் தேதியை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1 என்பது ஜனவரி 4. நான் மூடிய புகார். பக்கத்தை மூடித் திறக்கச் சொன்னேனே. அந்தத் தேதிக்காரர்கள் விவரமானவர்கள், கழிந்த தேதியைப் பார்த்து நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வரப்போகும் தேதியை யார் சந்தேகப்படுவார்கள்? முடிந்துபோன வருகைகளின் தேதிகளும் மூன்று வாரமாகத் தவறாகத்தான் காட்டியிருக்கின்றன. பழைய தேதியை யார் பார்க்கிறார்கள்.

வராத ஒன்பது பேரின் பட்டியலை அனுப்பியிருந்தார்கள், பதிவெண்ணும் பெயருமாக. நாளைக்கு சத்தமாக வாசித்தார். ஏழாவது பெயர் அம்மாவுடையது.

அவருக்குத் தெரியாது. எட்டாவதை வாசித்தார். ஒன்பதாவதை வாசித்தார்.

திருத்தத்துக்கு ஒரு வரி. முதலில் வருவது நாள் என்று ஒரு வார்த்தை. நூற்று நாற்பது பக்கமும் ஒரே மூச்சில் சரியாகிவிட்டது. நான் வாதாடியது போலவே. அப்படியே நான் வாதாடியது போலவே!

ஏப்ரல் 9, வியாழன்

பூதக்கண்ணாடி அக்கா பழைய சோதனைப் பட்டியலை மறுபடி முழுக்கப் படித்தார். பிறகு என்னிடம் வந்து, "எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ்டி. எட்டாம் தேதியைப் போடத் தோணலை" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது பேரையும் டாக்டர் அழுத்தம் பார்த்துப் பிரித்திருக்கிறார். நாற்பதுக்கு மேல் இருப்பவர்களுக்கு வரும் புதன். முப்பதுக்கு மேல் அதற்கடுத்த புதன்கள். அம்மாவுக்கு மே 6. சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்களாம்.

வரவேற்புப் பெண்மணியிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் முன்னால் தள்ளி வைப்பார். போனைக் கையில் எடுத்தேன். அப்படி வைத்தால் பின்னால் தள்ளப்படுபவர் யார்? அவரும் என்னால்தானே காத்திருக்கிறார். வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் மருத்துவமனையில் ஏதோ குளறுபடி என்று சொன்னேன். ஏதோ! நாக்கு கூசவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மருத்துவமனை நிர்வாகியும் வரவேற்புப் பெண்மணியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். நீளமான மேசை. நாளைக்கு தானாகவே ஆரம்பித்தார்.

"தப்பு எங்களுது. வெளிய போறதுக்கு முன்னாடி நான் படிச்சிருக்கணும். படிக்கலை."

சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எல்லாக் கூட்டத்திலும் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"இல்லைங்க," என்றேன். "சார் திங்கக்கிழமை வரைக்கும் இருன்னு சொன்னாரு. படிக்கறதுக்குப் பேனாவோட வந்தாரு. நான்தான் அவரைக் கேக்காம வெள்ளிக்கிழமை போட்டேன். புகார் வந்தப்போ என்னன்னு பாக்காமலே மூடினதும் நான்தான்."

நிர்வாகி எதையோ எழுதிக்கொண்டார். வரவேற்புப் பெண்மணி மட்டும் என் பக்கம் திரும்பினார். "எனக்கு வந்த போன் எல்லாம் உங்களுக்குத் தெரியுமாம்மா? ஒரு பெரியவர் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினாரு. நான் அவருகிட்ட, உங்க போன்லதான் கோளாறுன்னு சொன்னேன். நீங்க எழுதினதைத்தான் சொன்னேன்."



வெளியே வந்ததும் நாளைக்கு சொன்னார்: "அந்த பேஸ் கிளாஸ் இருக்கட்டும். எடுக்க வேண்டாம்." பிறகு, "ஆனா இனிமே உன்கிட்ட அந்தப் பட்டன் இருக்காது."

சரி சார்.

ஏப்ரல் 15, புதன்

அந்தத் தயார் கருவியை நான் நம்பியதுபோலத்தான் வரவேற்புப் பெண்மணி என்னை நம்பியிருக்கிறார். எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொன்னோம், அதுவும் நானும். தெரியாது என்று ஒருமுறை நின்றிருந்தால்? அது நின்றிருந்தால் பக்கம் உடைந்திருக்கும், அன்றைக்கே பார்த்திருப்போம். நான் நின்றிருந்தால் மார்ச் 26-இலேயே.

இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொட்டு மருந்து போட்டுவிடுகிறேன். "கண் எரியுதுடி, ஆனா பாதி மருந்தை நீ கன்னத்துலதான் விடறே" என்கிறாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அம்மா நடந்து வந்தாள். வேனில் வரவில்லை.

பள்ளி வாசலில் இடது பக்கத் தூணில் மோதிவிட்டாள். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியைத் திருப்பும்போது. யாருக்கும் ஒன்றுமில்லை. கதவு மட்டும் உள்ளே போயிருக்கிறது. பதினாறு வருடமாக அதே வாசல், அதே தூண்.

"தூண் அங்க இல்லைடி," என்றாள். "நான் பாத்தப்போ அங்க இல்லை."

சாவியை வைக்கும் ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 22, புதன்

சொன்னேன்.

சமையலறையில், அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, முதுகைப் பார்த்துக்கொண்டு. அந்த ஆகஸ்ட் நாலு மருத்துவமனையின் குளறுபடி இல்லை, என்னுடையது. உன் தேதி இன்றைக்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் எட்டு. நான் எழுதியது அதைத் திருப்பிப் போட்டது. நீ போன் பண்ணிக் கேட்டபோதும் நான் பார்க்கவில்லை. லேசர் அன்றைக்கே வைத்திருந்தால்—

"வச்சிருந்தா தூண் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியலைம்மா." டாக்டரிடம் போனில் கேட்டிருந்தேன். இரண்டு வாரத்தில் இவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"நர்ஸ் ரெண்டு வாரத்துலன்னுதான்டி சொன்னா. என் கையைப் புடிச்சுச் சொன்னா. ரெண்டு வாரத்துல வந்துடணும், தள்ளிப் போடாதீங்கன்னு. அப்புறம் உன் சைட்டுல ஆகஸ்ட்டுன்னு பெருசாத் தெரிஞ்சுது. எனக்கு வாயில்லையா, ஒரு போன் போட்டுக் கேக்க? கேக்கலை. கண்ணுக்குள்ள நெருப்பை விடுவாங்கன்னு பயம். லைசென்ஸைப் புடுங்கிடுவாங்கன்னு அதைவிடப் பயம். ஆகஸ்ட்டைப் பாத்ததும் சாமி வரம் குடுத்த மாதிரி இருந்துச்சு."

"அதனால என் தப்பு இல்லைன்னு ஆயிடாதும்மா."

"யாருடி சொன்னா இல்லைன்னு? தப்புதான். ஒன்பது பேரு. மத்த எட்டுப் பேருக்கும் என்னை மாதிரி வீட்டுலயே வச்சுத் திட்ட ஆள் இருக்கா?" திரும்பவும் குழாயைத் திறந்தாள். "உன் மேல கோவம் இருக்கு. இப்ப இல்லை, மெதுவா வரும். அந்தக் கரண்டியை எடு."

எடுத்துக் கொடுத்தேன். இடது பக்கம் நீட்டினேன். அவள் கை காற்றில் தேடியது. வலது பக்கம் வந்து நின்று கொடுத்தேன்.

மே 6, புதன்

லேசர் முடிந்தது. பத்து நிமிடம். "இதுக்கா பயந்தேன்!" என்று வெளியே வந்தாள். பேருந்தில் வரும்போது என்மேல் கோபப்பட்டாள். நிறுத்தம் வரும்வரை. நன்றாகவே.

மே 19, செவ்வாய்

வெளியே போவதற்கு முன் இப்போது எல்லாப் பக்கமும் ஒரு சோதனை தாண்ட வேண்டும். ஒரு வருடத்தின் அத்தனை நாளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. பூதக்கண்ணாடி அக்கா எழுதினார். நாளைக்கு படித்தார், வரி வரியாக, அன்றைக்கே. பட்டனை அவர்தான் அழுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சிறிய பட்டனை இவ்வளவு வெறுப்போடும் ஏக்கத்தோடும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 3, புதன்

அம்மாவுக்கு மறுபரிசோதனை. அழுத்தம் பதினாறு. இடது கண்ணின் ஓரம் திரும்பவில்லை, திரும்பாது என்றார் டாக்டர். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதி போன வாரம் வந்து போனது. அம்மா விண்ணப்பிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேனை வேறொரு பெண் ஓட்டுகிறாள்.